தெற்குக் கரையில் ஏறிய கயாக்

முப்பத்தொன்றாம் எண் வில்லையை வெர்னாக்கா நான்காவது தடவையாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, அது பிளாஸ்டிக். தேய்ச்சா பூதம் வராது," என்றேன்.

"பூதம் ஏற்கெனவே எதிர்ல நிக்குது. வாயை மூடிட்டுக் குடையைப் பிடி."

பிடித்தேன். என் பெயர் கிளைட். வெர்னா என் பெரியப்பா மகள். இருபத்திரண்டு வருடம் மீன்வளத் துறையில் திருட்டு வலைக்காரர்களைப் பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவள். மார்லோ தீவுகளின் நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பூர்வகுடிகளான எங்கள் மக்கள், பாதிப் பேர் அரசாங்கத்தார். இரண்டு பாதிக்கும் புரியாத விஷயம் வந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். நான் அவளுக்குப் படகோட்டி, பெட்டிதூக்கி. அவளுக்குக் கோபம் வந்தால் திட்டு வாங்குவதற்கும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை அவளை, இப்போது யாரும் குடியிராத எங்கள் பழைய ஊரின் தெற்குக் கரைக்குக் கூட்டி வந்திருந்தேன். எஞ்சினை அணைத்துத் தூக்கிவிட்டு, வழக்கம்போல் படகைத் திருப்பிப் பின்பக்கமாகக் கரையேற்றிக் கட்டியிருந்தேன். தெற்குக் கரையில் எவரும் கூடாரம் போடக் கூடாது. ஆனால் புதன்கிழமை யாரோ ஏறி, மரத்தடிப் பாசியில் தீ மூட்டியிருந்தார்கள். இரட்டைக் கட்டில் அகலத்துக்குப் பாசி கருகிக் கிடந்தது. வேருக்கடியில் கடற்குருவிகள் வைத்த பொந்துகளில் பதினொன்று இடிந்து போயிருந்தன. சாம்பலுக்குப் பக்கத்தில் கிடைத்ததுதான் இந்த வில்லை.

கயாக் எனும் ஒல்லிப் படகில் சுற்றிப் பார்க்க வரும் துடுப்புக்காரர்களின் ஒவ்வொரு குழுவுக்கும் பர்மிட்டோடு ஒரு வில்லை தருவார்கள். கூடாரத்தில் தொங்கவிட வேண்டும். பயணம் முடிந்ததும் காவல் தீவின் படகுத்துறையில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். முப்பத்தொன்று ஹெதர் மன்ரோவின் குழுவுக்குக் கொடுத்தது. பதினோரு வருடமாக இந்தத் தீவுகளுக்குத் துடுப்புக்காரர்களைக் கூட்டி வரும் வழிகாட்டி அவள். நாளை காலை பத்து மணிக்கு ஊரில் விசாரணை. இந்த வில்லை சொல்வதைக் குழு நம்பினால் அவளுடைய உரிமம் ஆயுளுக்கும் போய்விடும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பத்தாறு வயதில் புதிதாக எதைக் கற்றுக்கொள்வாள்?

"கிளைட், புதன்கிழமை மழைதானே?"

"மழை, பனிமூட்டம் ரெண்டும்தான். நான் வீட்டை விட்டே வெளிய வரல."

"மழையில இவ்வளவு பெரிய தீ போட்ட ஆளு ஒரு டீ போட்டுக் குடிக்கலையா? தேயிலைத் தூள் ஒரு துளி இல்ல. மீன் முள் இல்ல. கூடார முளை அடிச்ச ஓட்டை ஒண்ணுகூட இல்ல."

"ஒருவேளை விரதமோ என்னமோ."

"விரதக்காரன் எதுக்குடா அடுப்பு மூட்டறான்?"

வெர்னாக்கா குனிந்தபடியே நடந்தாள். கடல் ஒதுக்கிய பெரிய மரக்கட்டைகளைத் தாண்டிப் பாசிமேல் ஒரு தடம் பத்தடி தூரம் ஓடியது. அகலமான, மேலோட்டமான பள்ளம். கயாக் இழுத்த தடம் என்று என் சின்னப் பெண்கூடச் சொல்லுவாள். கடல் பக்கம் அந்தப் பள்ளம் வழவழவென்று இருந்தது. காட்டுப் பக்கம், மேல் முனையில், அதற்குள்ளேயே கத்தியால் கீறினது போல மெல்லிய கோடு ஒன்று. அக்கா அதில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நகத்தால் எதையோ கிளறி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சில்லு.

"ஹெதரோட படகு எல்லாம் என்ன நிறம்?"

"சிவப்பு. மஞ்சள் ட்ரெவரோடது." சொல்லும்போதே எனக்குள் விளக்கு எரிந்தது. ட்ரெவர் ஹெதருக்குப் போட்டிக்காரன். அவள் போனால் அவளுடைய வாடிக்கையாளர்கள் மொத்தமும் அவனுக்கு. "முடிஞ்சது அக்கா. வா, போய் அவன் சட்டையைப் பிடிப்போம்."

"உனக்கு யாரையாவது பிடிச்சா போதும்," என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. அந்த நேரத்திலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

காவல் தீவு அங்கிருந்து கால் மணி நேரம். காவலன் ஆம்ப்ரோஸ் என் மனைவியின் அண்ணன். வெள்ளிக்கிழமையிலிருந்து ஹெதரும் அங்கேதான் இருந்தாள். விசாரணை முடியும்வரை தீவுகளில் சுற்றக் கூடாது என்று குழு சொல்லியிருந்தது.

குடிலுக்குள் நுழைந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் புகை போட்ட சால்மன், வறுத்த ரொட்டி, கடற்பாசிமேல் ஒட்டிய மீன்முட்டை, மூன்று விதப் பழ ஜாம். ஆம்ப்ரோஸ் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னும் ரொட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"போதும் ஆம்ப்ரோஸ். ரெண்டு நாளா இப்படித்தான் திணிக்கறார்," என்றாள் ஹெதர். கண் கீழே கருவளையம் கட்டியிருந்தது.

"மச்சான், எனக்கு இப்படி ஒரு நாளாவது பரிமாறியிருக்கியா நீ?" என்றேன்.

"உனக்குப் போடறதுக்கு மீன் பத்தாது மாப்ளே." வழக்கமான கிண்டல்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

வெர்னாக்கா உட்காரவில்லை. "ஹெதர், வில்லையை எப்ப பெட்டியில போட்டே?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். என் குழுவை டாக்சிப் படகுல ஏத்திவிட்டேன், வில்லையைப் போட்டேன், வடக்கு முகாமுக்குப் போய்ட்டேன். அடுத்த குழு ஞாயித்துக்கிழமைதான். நடுவுல தனியா இருந்தேன். சாட்சிக்கு ஒரு நீர்நாய் இருந்தது, அதைக் கூப்பிடவான்னு குழுத் தலைவர்கிட்டயே கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரல."

"பெட்டிக்குப் பூட்டு?"

"கிடையாது," என்றான் ஆம்ப்ரோஸ். "யார் வேணா கைவிடலாம்."

வெளியே படகுத்துறைக்குப் பக்கத்துத் தாங்கியில் ட்ரெவரின் மஞ்சள் கயாக்குகள் மூன்று கவிழ்ந்திருந்தன. கோடை முழுக்க உபரிக்காக அங்கேயே போட்டு வைப்பான். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய் ஒன்பதாம் எண்ணில் நின்றாள். பின்முனையில் திசை திருப்பும் சுக்கான் தகடு வளைந்திருந்தது. அதன் மடிப்பில் பச்சைப் பாசியும் உடைந்த சிப்பியும் சிக்கியிருந்தன.

"நான் சொன்னேன்ல? ட்ரெவர்," என்றேன்.

"புதன்கிழமை ட்ரெவர் இங்க வந்தானா ஆம்ப்ரோஸ்?"

"பனிமூட்டம் அக்கா. ஊர்லேர்ந்து ஒரு படகும் கிளம்பல. என்கூடக் காவல் பாக்கற மார்லீனும் முந்தின நாளே பல்லு புடுங்க ஊருக்குப் போய்ட்டா. காவலுக்கு நான் மட்டும்தான்."

என் ட்ரெவர் அப்படியே கடலில் மூழ்கினான். அக்காவைத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னேன். "அப்போ ஹெதர்தான். அவன் மேல பழி விழட்டும்னு அவன் படகை எடுத்திருக்கா."

"தன் படகை விட்டுட்டு அடுத்தவன் படகை எடுக்கற அளவுக்குக் கெட்டிக்காரி. தன் வில்லையை மட்டும் சாம்பல் பக்கத்துல வெச்சுட்டு வருவாளா?"

"மறந்திருப்பா."

"நீ மறப்பே."

அவள் ஹெதரைக் கூப்பிட்டு, ஒன்பதாம் எண்ணில் ஒரு சுற்றுப் போய்க் கரையேறச் சொன்னாள். ஹெதர் எதற்கு என்று கேட்கவில்லை. பாவம், யார் எதைச் சொன்னாலும் செய்கிற நிலைமை அவளுக்கு. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். இருபதடி தூரத்திலேயே கயிற்றை இழுத்துச் சுக்கானைத் தூக்கிவிட்டு, முன்முனையை நேராகக் கரையில் ஏற்றி இறங்கினாள். கல்லில் ஒரு சத்தமில்லை.

"எப்பவும் இப்படித்தான் வருவியா?"

"வேற எப்படி வர்றது? சுக்கான் கல்லுல பட்டா என் பொழப்பு போச்சு," என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளையே குத்தியது போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கிளைட், ஒன்பதாம் எண்ணை நம்ம படகுல ஏத்து. மறுபடி தெற்குக் கரைக்குப் போறோம்."

ஆம்ப்ரோஸ் வாசலில் கெட்டிலோடு நின்றிருந்தான். "அது எதுக்கு அக்கா?"

"தடத்துல பொருந்துதான்னு பாக்க."

அவன் கெட்டிலைக் கீழே வைக்காமல், ஊற்றவும் செய்யாமல் அப்படியே நின்றான்.

தெற்குக் கரைக்கு நூறு கஜம் இருக்கும்போது அக்கா எஞ்சினை நிறுத்தினாள். "கயாக்ல இறங்கு. நான் முன்னாடி போய்க் கரையில நிக்கறேன். நீ ஓட்டிட்டு வந்து ஏறு."

"இந்த வயித்தை வெச்சுக்கிட்டு அந்த ஓட்டைக்குள்ளயா? உள்ள போயிடுவேன். வெளிய எடுக்க நீதான் ரம்பம் கொண்டு வரணும்."

"இறங்குடா."

இறங்கினேன். கயாக் ஆடிய ஆட்டத்தில் இரண்டு தடவை என் பாட்டன் பூட்டன் எல்லோரையும் கூப்பிட்டேன். எப்படியோ கரைப் பக்கம் வந்தேன். துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுத் திருப்பினேன். பின்னால் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

கர்ரக் என்றது. சுக்கான் கல்லில் தேய்ந்து கட்டையில் இடித்தது.

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"ஏன்டா திருப்புனே?"

"என்ன கேள்வி அக்கா இது? நம்ம கரை. இங்க போய் எவனாவது முன்பக்கமா..."

கையிலிருந்த துடுப்பைப் பார்த்தேன்.

பழைய ஊர்க் கரைக்கு எங்கள் மக்கள் முன்முனையை நீட்டிக்கொண்டு வர மாட்டார்கள். முன்முனை நீட்டி வருகிறவன் சண்டைக்கு வருகிறவன். திருப்பி, பின்பக்கமாக வந்தால் சமாதானமாக வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அங்கே இப்போது யாரும் குடியிருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் திருப்புவோம். நடக்கப் பழகும் முன்னாலேயே படகில் உட்கார்ந்து பழகிய பழக்கம். காலையில் என் படகைத் திருப்பியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"பின்னாடி திருப்பி ஏறினா சுக்கான்தான் முதல்ல கரையில படும்," என்றாள் அக்கா. "அப்படியே உள்ள இழுத்தா பாசியில மேல் முனையில கோடு விழும். இப்பப் பாரு, கல்லுல உன் கோடு எங்க விழுந்திருக்கு?"

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

"ஹெதர் திருப்ப மாட்டா. ட்ரெவர் திருப்ப மாட்டான். திருப்பறவன் நம்மாளு. அதுலயும் மோட்டார் படகு ஓட்டற ஆளு, கயாக்ல சுக்கானைத் தூக்கணும்னு தெரியாதவன். புதன்கிழமை இந்தத் தீவுகள்ல நம்மாளு எத்தனை பேர் இருந்தாங்க கிளைட்?"

ஒருத்தன்தான். என் கல்யாணத்துக்குத் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, அவன் வெறும் சட்டையோடு நின்றவன். கயாக்கிலிருந்து நான் எழுந்திருக்கவே இல்லை. அக்காதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உனக்குக் காலையிலேயே தெரியும்," என்றேன்.

"பாசியில இருந்த கோட்டைப் பாத்ததும் சந்தேகம் வந்தது. இல்லாம போகட்டும்னுதான் உன்னை ஓட்டச் சொன்னேன். நீயாவது நேரா ஏறித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

திரும்பிப் போகும் வழியில் காற்று எழுந்தது.

குடிலில் ஆம்ப்ரோஸ் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நனைந்த என் கால்சட்டையைப் பார்த்தான். கயாக்கில் நான்தான் உட்கார்ந்தேன் என்று அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"திருப்பிட்டியா மாப்ளே?"

"திருப்பிட்டேன் மச்சான்."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். "வரும்போது எனக்கும் தோணுச்சு. கயாக்காரன் மாதிரி நேரா ஏறணும், அப்பத்தான் நம்புவாங்கன்னு. மனசு வரல. பாட்டன் பூட்டன் பாத்துட்டு இருக்கற மாதிரி இருந்தது."

ஹெதர் அவனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன பேசறீங்க? யாராவது எனக்குச் சொல்றீங்களா?"

"நான்தான் ஹெதர். தீ போட்டது நான்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான். ரெண்டு நாளாக அவன் ஏன் அப்படிச் சோறு போட்டான் என்பது அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"வேலியே பயிரை மேஞ்ச கதையா ஆயிப்போச்சே மச்சான்," என்றேன்.

"பயிரைக் காப்பாத்தத்தான்டா மேஞ்சேன்." அவன் வெர்னாக்காவைப் பார்த்தான். "குளிர்காலத்துல மலை சரிஞ்சு வளைஞ்ச தேவதாருங்கற முகாம் போச்சு. எட்டுக் கூடாரத்துக்கு இடமில்ல. அதனால அடுத்த வருஷத்துலேர்ந்து தெற்குக் கரையைத் திறந்துவிடப் போறாங்க. அங்க என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும் அக்கா. மாப்ளைக்கும் தெரியும். பெரியம்மை வந்த வருஷம் செத்தவங்க அத்தனை பேரும் அந்தப் பாசிக்கு அடியிலதான் கிடக்கறாங்க. குழுவுக்கு ஏழு கடுதாசி போட்டேன், திறக்காதீங்கன்னு. காரணம் என்னன்னாங்க. எங்க ஆளுங்களுக்கு வேண்டிய இடம்னேன். வரைபடத்துல குறிச்சுக் குடுங்க, பரிசீலிக்கறோம்னு பதில்."

"குறிச்சுக் குடுத்திருக்கலாமே," என்றாள் ஹெதர்.

"எங்கப்பா காலத்துல வடக்குக் கரையில ஒரு புள்ளி வெச்சுக் குடுத்தாங்க. மறு வருஷமே மண்வெட்டியோட வந்தானுங்க. பல்லுகூட விடல. அதுக்கப்புறம் எந்த இடத்தையும் வெளிய சொல்றதில்லன்னு முடிவு. குழுவுல இருக்கற எங்காளுங்களே அதை மீறல. நான் எப்படி மீறுவேன்?" அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "செத்தவங்களுக்காக மூட மாட்டாங்க. குருவிக்காக மூடுவாங்க. பொந்து இடிஞ்சா பத்து வருஷம் மூடணும்னு சட்டமே இருக்கு. குஞ்சு இருக்கான்னு ஒவ்வொரு பொந்துலயும் கைவிட்டுப் பாத்துட்டுத்தான் இடிச்சேன். எல்லாம் போன மாசமே கடலுக்குப் போயிடுச்சு."

"என் வில்லையை எதுக்கு எடுத்தீங்க?"

"உன்னோடதுன்னு தெரியாது. கைவிட்டு ஒண்ணை எடுத்தேன். எவன் பேரோ வரட்டும், ஒரு அபராதம் கட்டிட்டுப் போவான்னு நெனச்சேன். தீ வெச்சுட்டுப் பாத்தா முப்பத்தொண்ணு."

"பாத்துட்டும் அங்கயே வெச்சீங்க."

அவள் தள்ளி வைத்த தட்டை அவன் எடுத்து ஓரமாக வைத்தான்.

"பதினோரு வருஷம்," என்றாள் ஹெதர். குரல் உயரவே இல்லை. "கொட்டற மழையில, விரல் மரத்துப்போய், கரைக்கு வெளிய படகை நிறுத்தி, உங்ககிட்ட வயர்லெஸ்ல கேட்டு, நீங்க வான்னு சொன்ன பிறகுதான் இறங்கியிருக்கேன். ஒரு தடவை தவறினதில்ல. கேக்காம இறங்கறவன் எத்தனை பேர் இருக்கான். கடைசியில நான்தான் கிடைச்சேனா?"

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை.

வெர்னாக்கா முதல் தடவையாக உட்கார்ந்தாள். "ஆம்ப்ரோஸ், நாளைக்குப் பத்து மணிக்கு ஹெதர் விடுதலை ஆகணும். அதுல பேச்சே இல்ல. நான் அறிக்கை குடுத்தா ஒரே வரிதான், காவலன் செஞ்சான்னு. உன் வேலை போகும். நம்ம ஆளுங்க காவலுக்கு லாயக்கில்லன்னு ஊர் பேசும். கரையையும் திறந்துடுவாங்க. நீயே எழுந்து காரணத்தோட சொன்னா, அந்தக் காரணம் பதிவாகும். அவங்க அதுக்குப் பதில் சொல்லியாகணும்."

"காரணத்தைச் சொன்னா இடத்தைச் சொன்ன மாதிரி அக்கா."

"ஆமா."

"அப்போ நீங்க ஒரே வரி எழுதிடுங்க. நான் போக்கிரின்னே இருந்துட்டுப் போறேன்."

"கரை திறந்துடும்டா."

அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். எப்பேர்ப்பட்ட இக்கட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கரைக்குத்தான் கேடு. எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் சுவரில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது.

"காவல் தீவு, காவல் தீவு. துடுப்புக்காரங்க, ஒன்பது பேர். எதிர்காத்து பலமா இருக்கு. உங்க தீவு வரைக்கும் வர முடியல. ரெண்டு பேருக்குக் கை சோர்ந்துடுச்சு. பழைய ஊர் தெற்குக் கரைதான் பக்கத்துல இருக்கு. ராத்திரிக்கு மட்டும் அங்க இறங்க அனுமதி வேணும்."

ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்கியது.

வெளியே காற்று குடிலின் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் சோர்ந்த கையோடு ஒரு கயாக் கவிழ்ந்தால் அந்தத் தண்ணீரில் பத்து நிமிடம் தாங்காது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆம்ப்ரோஸ் ஹெதரைப் பார்த்தான். "நீ சொல்லு. நான் அனுமதி குடுக்கற யோக்கியதையை இழந்துட்டேன்."

"நான் கேக்கற ஆளு. குடுக்கற ஆளு நீங்க. இன்னிக்கும் நீங்கதான்," என்றாள் அவள். "சீக்கிரம். காத்துட்டிருக்காங்க."

அவன் எழுந்து மைக்கை எடுத்தான்.

"காவல் தீவு பேசறேன். இறங்குங்க. கட்டைக்குக் கீழ கல்லு இருக்கு, அது மேல கூடாரம் போடுங்க. இன்னிக்கு அலை கட்டை வரைக்கும் வராது. கட்டையைத் தாண்டி மரத்துக்குள்ள மட்டும் போகாதீங்க. பாசி மேல கால் வைக்காதீங்க."

"சரிங்க. குருவிக் கூடு இருக்கா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. வருடக்கணக்காக அவன் சொல்லி வந்த பதில் அதுதான். கரையில் நட்ட பலகையில் எழுதி வைத்திருப்பதும் அதுதான். அவன் விரல் மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது.

"இல்லம்மா. எங்க ஆளுங்க இருக்காங்க. அங்கதான் புதைச்சிருக்கோம்."

வெர்னாக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். ஆனால் வார்த்தை போய்விட்டது. அது பொது அலைவரிசை. சுற்றிலும் நாற்பது மைலுக்குள் இருக்கும் மீன்படகு, டாக்சிப் படகு, ட்ரெவரின் கொட்டகை, நிர்வாகக் குழுவின் அலுவலகம் எல்லாம் அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று தலைமுறை வாய் திறக்காமல் காத்த இடத்தை என் மச்சான் ஒரே மூச்சில் ஊருக்குச் சொல்லிவிட்டான்.

வயர்லெஸ் கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.

"புரிஞ்சதுங்க," என்றது அந்தக் குரல். இப்போது தணிந்திருந்தது. "கல்லு மேலேயே இருந்துக்கறோம். ஒருத்தரும் உள்ள போக மாட்டோம். சொன்னதுக்கு நன்றி."

வேறு எந்தப் படகும் பேசவில்லை. கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் மண்வெட்டி வைத்திருப்பவன் எவன் என்று கண்டுபிடிக்க வெர்னாக்காவாலும் முடியாது.

ஹெதர் உயிர்காக்கும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். "கிளைட், என்னை உங்க படகுல அங்க விட்டுடுங்க. சோர்ந்த ரெண்டு பேரை இழுத்துட்டுக் கரை சேர்க்கணும். ராத்திரி நான் அவங்களோட இருக்கேன். யாரும் கட்டையைத் தாண்டாம பாத்துக்கறேன்." ஆம்ப்ரோஸ் பக்கம் அவள் திரும்பவில்லை. மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஆம்ப்ரோஸ் மைக்கை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி மாட்டினேன்.

"இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல அக்கா," என்றான். "பத்து மணிக்குத்தானே விசாரணை? நானே பேசறேன்."

"பத்துக்கு," என்றாள் வெர்னாக்கா. "எட்டரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."